போர் நடுவே வளர்ந்த பிள்ளைகள்



பால் மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு ஒரு செய்தியை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கத்தி பட்டையோடு நின்றால், மரம் சில ஆண்டுகளில் புதுப்பட்டை கட்டிக்கொள்ளும். அதே இடத்தில் மறுபடியும் பால் கொடுக்கும். கத்தி ஆழமாக இறங்கி உள்ளே இருக்கும் கட்டையைத் தொட்டுவிட்டால், அந்த இடம் முண்டும் முடிச்சுமாகக் கரடுதட்டிப் போகும். மரம் சாகாது, ஆனால் காயம் மறையாது.

மனிதப் பிள்ளைகளும் இப்படித்தானா? போர் நடக்கும் மண்ணில், பசியையும் பயத்தையும் பிரிவையும் பார்த்து வளர்ந்த பிள்ளை பிறகு நிமிர்ந்து நிற்குமா? நிற்குமானால் எதனால் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை, அதற்கு அப்பால் உலு சிலாங்கூரின் பத்தாங் காலி, ராசா, கெர்லிங், களும்பாங் வட்டாரத் தோட்டங்களிலேயே அதற்கு விடை இருக்கிறது. 1941 முதல் 1945 வரை அந்த லயங்களில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிமார்களே அந்த விடை.

கதையைப் போருக்குச் சில மாதங்கள் முன்பிருந்து தொடங்க வேண்டும். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது சிலாங்கூர் மாநிலம் எங்கும் பரவியது. ஆர். எச். நாதன் அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர். கூலியை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளில் இன்னொன்றும் இருந்தது: எங்கள் பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி கொடு என்பது. பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொல்லியிருந்தது உண்மை. ஆனால் பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையும், பெயருக்கு ஓர் ஆசிரியருமாகவே இருந்தது. 1941 மே மாதம் அரசு அவசர நிலையை அறிவித்தது, இராணுவம் வந்தது, ஐந்து தொழிலாளர்கள் சுடப்பட்டு மாண்டார்கள், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

பிள்ளைகளுக்காகப் பள்ளி கேட்ட அந்தக் குரல் அடங்கி ஏழு மாதங்கள்கூட ஆகவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் தேதி அதிகாலையில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் தெற்கே போய்விட்டார்கள். ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று, சேர்த்து வைத்திருந்த ரப்பருக்குப் பல இடங்களில் தீ வைக்கப்பட்டது. 1942 ஜனவரி 2ஆம் தேதி கோலசிலாங்கூர்க் கடற்கரைக்குப் படகுகளில் வந்த ஜப்பானியரைப் பிரிட்டிஷ் பீரங்கிகள் திருப்பி அடித்தன. அடுத்த நாட்களில் அவர்கள் தரைவழியாக வந்தார்கள். சிலாங்கூர் ஆற்றின் ஓரம், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் சண்டை நடந்தது. 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் ஊர்தான் அது. ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் சரணடைந்தது.

நேற்றுவரை உலகத்தையே ஆள்பவர் போலத் தோன்றிய துரை ஓடிப்போனதை லயத்துப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். பெரியவர்களுக்கே திகைப்பு என்றால், பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்!

புதிய ஆட்சி வந்ததும் கடிகாரமே மாறியது. தோக்கியோ நேரப்படி மணி ஒன்றரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. பள்ளிகள் பல மூடிக் கிடந்தன. திறந்த பள்ளிகளில் பிள்ளைகள் ஜப்பானியச் சக்கரவர்த்தி இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்கவும், ‘கிமிகாயோ’ பாடவும், ஜப்பானிய எழுத்து எழுதவும் பழகினார்கள். அ, ஆ படிக்க வேண்டிய வயதில் தெரியாத மொழியில் வணக்கம் சொன்னார்கள். சொல்லத் தவறினால் கன்னத்தில் அறை விழும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் பள்ளியைவிடப் பெரிய கவலை அடுப்பங்கரையில் இருந்தது. அந்நாளில் மலாயா உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. கப்பல் நின்றது, அரிசியும் நின்றது. ரப்பரை வாங்கிய அமெரிக்காவும் ஐரோப்பாவும் எதிரி நாடுகளாகிவிட்டதால், பாலுக்கு விலையில்லை, வெட்டுக்கு ஆளில்லை. ஊரிலிருந்து கடிதம் இல்லை. ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. பங்கீட்டு அரிசி குறையக் குறைய, லயத்தைச் சுற்றி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நடப்பட்டன. காலையில் கிழங்கு, பகலில் கிழங்கு, இரவில் கிழங்கு மாவில் செய்த ரொட்டி. துணி இல்லாமல் கோணிச் சாக்கைக் கிழித்து உடுத்திய காலம் அது.

மரவள்ளி வயிற்றை நிரப்பும்; உடம்பை வளர்க்காது. அதில் புரதம் மிகக் குறைவு. நரம்புக்கும் இதயத்துக்கும் வேண்டிய பி வைட்டமின் சத்தும் குறைவு. அதனால்தான் பிள்ளைகளுக்குக் கால் வீங்கியது, வயிறு உப்பியது, முள் கீறிய சிறு காயமும் ஆறாத புண்ணாகியது. அதோடு குளிர்காய்ச்சல் சேர்ந்தது. 1901 முதற்கொண்டே கிள்ளான் வட்டாரத்தில் வடிகால் வெட்டிக் கொசுவை ஒழிக்கும் வேலையை டாக்டர் மால்கம் வாட்சன் தொடங்கி வைத்திருந்தார். தோட்டங்களில் கால்வாய்க்கு எண்ணெய் தெளிப்பதும், கொய்னா கொடுப்பதும் வழக்கமாகியிருந்தன. போர் வந்ததும் எண்ணெயும் இல்லை, கொய்னாவும் இல்லை, தூர் வாரவும் ஆளில்லை. அடக்கி வைத்த கொசு திரும்பி வந்தது. மலாயாவில் குண்டு பட்டு இறந்த பிள்ளைகளைவிட, பசியாலும் காய்ச்சலாலும் இறந்த பிள்ளைகளே மிகப் பலர்.

இதற்குள்தான் 1943ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டைச் சொல்லும்போது இன்றும் சில வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது.

சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் ஒரு ரயில் பாதை போட்டார்கள். தண்டவாளம் போதாமல் நம் நாட்டுக் கிழக்குக் கரை ரயில் பாதையையே பெயர்த்துக் கொண்டுபோனார்கள். ஆள் போதாமல் நம் தோட்டங்களையும் அப்படியே பெயர்த்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் தயங்கியபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து ஆள் கேட்டார்கள். பட்டியல் எழுதும் பொறுப்பு பெரும்பாலும் கிராணி, கங்காணி கையில் வந்தது. சொந்த மக்களையே பட்டியலில் எழுத வேண்டிய நிலை. எழுதாவிட்டால் தனக்கு உதை. அந்தப் பட்டியலில் வேண்டாதவன் பெயரும், ஏழையின் பெயரும், ஆதரவற்றவன் பெயரும் முன்னே வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. தெருவில் போனவர்களையும், இலவசப் படம் பார்க்க வந்தவர்களையும் வளைத்துப் பிடித்ததாகவும் முதியோர் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

மலாயாவிலிருந்து இப்படிப் போனவர்கள் 70,000 பேருக்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர். மனைவி மக்களோடு போன குடும்பங்களும் உண்டு. சயாம் காட்டில் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது முகாம் முகாமாக மக்கள் மடிந்தார்கள். 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரு பக்கத்துத் தண்டவாளமும் கூடின. அந்தப் பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. போர்க்கைதிகளில் இறந்தவர்கள் சுமார் 12,000 பேர். அந்தக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு கல்கூட இல்லை.

நேயர்களே, 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா, சிங்கப்பூர் இந்தியர் ஏறத்தாழ 6 லட்சத்து 20 ஆயிரம் பேர். 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தத் தொகை 6 லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. முப்பதுகளின் விலைவீழ்ச்சிக் காலத்தில் பலர் ஊருக்கு அனுப்பப்பட்டதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் பதினாறு ஆண்டுகளில் ஒரு சமுதாயம் பெருகாமல் சுருங்கியது என்றால், எத்தனை வீடுகளில் அப்பன் இல்லாமல் போனான், எத்தனை தொட்டில்கள் காலியாயின என்று எண்ணிப் பாருங்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகள் எப்படித் தாங்கினார்கள்?

முதல் விடை, லயம். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். லயத்து வீட்டில் நெருக்கடி உண்டு, மறைவு இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஒரு பிள்ளை அழுதால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அப்பன் சயாமுக்குப் போய், தாய் காய்ச்சலில் படுத்தபோது, பக்கத்து வீட்டு அம்மாயியும் பெரியம்மாவும் அந்தப் பிள்ளையைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்துக் கிழங்கைப் பங்கிட்டார்கள். இரத்த உறவு இல்லாதவர்கள் சித்தியானார்கள், மாமாவானார்கள். ஒரே கப்பலில் வந்தவர்கள் என்ற உறவே போதுமானதாக இருந்தது. பின்னாளில் பல குடும்பங்களில் “இவர் எனக்குச் சொந்த அண்ணன் இல்லை, ஜப்பான் காலத்தில் எங்களோடு வளர்ந்தவர்” என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இரண்டாவது, வேலை. குழந்தை உழைப்பைப் பெருமையாகச் சொல்ல நான் வரவில்லை; பிள்ளைகள் சுமந்த பாரம் அவர்கள் சுமந்திருக்கக் கூடாத பாரம். ஆனால் கிழங்கு தோண்டிய பிள்ளைக்கும், கால்வாயில் மீன் பிடித்து வந்த பிள்ளைக்கும், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கீரை பறித்த பெண்ணுக்கும் ஒன்று தெரிந்திருந்தது: தன்னால் வீட்டுக்கு ஒரு வாய் சோறு கூடுகிறது என்பது. தான் ஒரு சுமை அல்ல, ஒரு துணை என்ற எண்ணம் பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும்.

மூன்றாவது, விளையாட்டும் கதையும். ரப்பர்க் கொட்டைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. அதை வைத்துப் பல்லாங்குழி ஆடலாம், குறிபார்த்து அடிக்கலாம். இரவில் விளக்குக்கு எண்ணெய் இல்லாவிட்டாலும், பாட்டியின் வாயில் நல்லதங்காளும் அரிச்சந்திரனும் இருந்தார்கள். பிள்ளைகளை இழந்த தாயின் கதையையும், எல்லாம் இழந்தும் சொல் தவறாத அரசனின் கதையையும், அதே துன்பத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். தங்கள் துயரத்துக்கு அந்தக் கதைகளில் சொல் கிடைத்தது.

நான்காவது, தலைநிமிர்வு. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகு, இந்திய சுதந்திரச் சங்கத்தின் வேலை தோட்டங்கள்வரை எட்டியது. பிள்ளைகளுக்குப் பாலர் சேனை, பெண்களுக்கு ஜான்சி ராணிப் படை. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி அப்படையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 18. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்தவர் அவரே. படையில் சேர்ந்தால் சயாமுக்குத் தப்பலாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அதில் தவறில்லை. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கிய தகப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தன் இனத்தவர் சீருடையில் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தது. அந்தக் காட்சி மனத்தை விட்டுப் போகவில்லை.

இதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்திலும் சிலர் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். லண்டன் மாநகரின்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டு பொழிந்த காலத்தில், ஆன்னா ஃபிராய்டு, டோரதி பர்லிங்காம் என்ற இரு பெண்மணிகள் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தை இல்லம் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிட, தாயைப் பிரிந்ததே சிறு குழந்தைகளை அதிகமாக உலுக்கியது என்று அவர்கள் கண்டார்கள். தாய் பதறாமல் பக்கத்தில் இருந்தால், குழந்தை குண்டையும் தாங்கிக்கொண்டது. பிறகு எம்மி வெர்னர் என்ற அறிஞர், ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பச் சண்டையும் நோயும் சூழ வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றுள் முக்கியமானது, பெற்றோரோ, பாட்டியோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணிய ஒரு பெரியவராவது இருந்தார் என்பதே. நம் லயத்து அம்மாயி அந்த ஆராய்ச்சியைப் படித்தவரல்ல. ஆனால் அதைச் செய்து காட்டியவர்.

1945 ஆகஸ்டு 15ஆம் தேதி ஜப்பான் சரணடைந்தது. ஆனாலும் பிள்ளைகளின் துன்பம் அன்றோடு முடியவில்லை. வாழைமர நோட்டு ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. சயாமிலிருந்து மீண்டவர்கள் மெலிந்த உடலோடு வந்து சேர்ந்தார்கள். 1946இல் இந்தியக் காங்கிரஸ் ஒரு மருத்துவக் குழுவை மலாயாவுக்கு அனுப்பியது. அதே ஆண்டில் இங்கே சமூக நலத்துறையும் தொடங்கப்பட்டது. அநாதைகளாக நின்ற பிள்ளைகளை அணைத்துக்கொள்ள, சுவாமி சத்தியானந்தா 1949இல் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். தோட்டப் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிறு குழந்தைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். வெட்கப்பட்டு ஓடியவர்களும் உண்டு. உட்கார்ந்து படித்தவர்களும் உண்டு.

அதற்குள் 1948 ஜூன் மாதம் மறுபடியும் அவசரகாலம். முள்வேலி, ஊரடங்கு, வாசலில் சோதனை. பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் அனைவரும் படம் எடுத்து, கைரேகை பதித்து, அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஆயுதமில்லாத 24 சீன ஆண்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். அவர்களுடைய மனைவி மக்கள் லாரியில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். நம் தோட்டப் பிள்ளைகளும் அந்தச் சீனப் பிள்ளைகளும் ஒரே ரப்பர் நிழலில் வளர்ந்தவர்கள். 1960 ஜூலை 31ஆம் தேதிதான் அவசரகாலம் முறைப்படி முடிந்தது.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1943இல் பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அவருக்கு வயது 21. 1957இல் நாடு விடுதலை அடைந்தபோது 24. தோட்டத் துண்டாடல் தொழிலாளரைத் தெருவில் நிறுத்தியபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; அப்போது 27. மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்க முன்வந்த கைகளில், ஜப்பான் காலத்தில் கிழங்கு தோண்டிய கைகள் எத்தனையோ! பட்டினியில் பங்கிட்டு உண்ணக் கற்றவர்களுக்குச் சங்கம் என்பதும் கூட்டுறவு என்பதும் புதிய பாடமாக இருந்திருக்காது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். “எங்கள் காலத்துப் பிள்ளைகள் எதையும் தாங்குவார்கள்” என்று பெருமை பேசி, காயத்தை மறந்துவிடக் கூடாது. தாங்காமல் போனவர்கள் இங்கே வந்து பேச முடியாது. தாங்கியவர்களிலும், தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் பதறுகிறவர்களும், அப்பன் போன லாரியைப் பற்றிக் கடைசிவரை வாய் திறக்காதவர்களும் உண்டு. மதுவில் மறக்கப் பார்த்தவர்களும் உண்டு. பிள்ளை இரும்பால் ஆனதல்ல. கத்தி கட்டையைத் தொடாமல் யாரோ ஒருவர் கையை நடுவில் வைத்தார். அதனால்தான் புதுப்பட்டை வந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை போருக்குள் வளர்ந்த நம் இனப் பிள்ளைகளுக்கும் இதே உண்மைதான் பொருந்தும்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. லயம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி. பல குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. கதவு மூடிய வீட்டில் பிள்ளை அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. அப்பன் இல்லாத பிள்ளையும், பசியோடு பள்ளிக்குப் போகும் பிள்ளையும் இன்றும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அம்மாயி யார்? இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ போன்ற நாவல்கள் அந்தக் காலத்தைக் காத்து வைத்திருக்கின்றன. ஆனால் உங்கள் வீட்டுக் கதையை எந்த எழுத்தாளரும் எழுத முடியாது. ஜப்பான் காலத்தைக் கண்ட ஒரு பாட்டியோ தாத்தாவோ இன்னும் உங்கள் வீட்டில் இருந்தால், அருகில் உட்காருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், யார் போனார்கள், யார் வளர்த்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் மறைந்துவிட்டால், கேட்டு வைத்திருக்கும் உங்கள் தாய் தந்தையரிடம் கேளுங்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். போனவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள். வளர்த்தவர்களின் பெயரை அதற்குக் கீழே எழுதுங்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு அந்த ஏடாவது இருக்கட்டும்.